மாதம் ஒரு முடிவு

பூங்கோதை குடியிருந்த வீட்டுக்கு வாடகை, மாதம் ஒரு முடிவு. அவள் எழுதுகிற கதை எதுவானாலும் அதன் கடைசிப் பக்கத்தை மாதம் பிறந்ததும் மாடிக்குக் கொண்டுபோய் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிட வேண்டும். குடிவரும்போது அட்வான்ஸாகப் பத்து முடிவு கொடுத்திருந்தாள். சேலத்தில் அந்தத் தெருவில் அதுதான் நடப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் இன்னும் அதிகம் கேட்பார்கள், தண்ணீரும் சரியாக வராது.

எழுதிப் பிழைக்கிறவளிடம் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? பால்காரருக்குப் பெயர்கள். கதையில் வரும் ஆட்களின் பெயர்களை வாங்கிக்கொண்டு போய்த் தன் கன்றுக்குட்டிகளுக்கு வைத்துவிடுவார். கீரைக்காரம்மாவுக்கு மழை. மழை பெய்யும் பத்தியைக் கிழித்து வாங்கிக் கூடையின்மேல் ஒரு உதறு உதறுவாள், சாயங்காலம்வரை கீரை வாடாது. மளிகைக்கடைக்காரருக்குப் பேச்சு வேண்டும். பாவம், வருகிறவர்களிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. இப்படி ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போனபிறகு மிஞ்சியதைத்தான் அவள் பத்திரிகைக்கு அனுப்பினாள். பெயரில்லாத ஆட்கள் மழையில்லாத ஊரில் ஒரு வார்த்தை பேசாமல் நடந்துபோய், பக்கத்தின் நடுவில் நின்றுவிடுவார்கள்.

பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டு போன் செய்வார். "முடிவை வாசகர் கையில விட்டுட்டீங்க பாருங்க, அங்கதாம்மா நீங்க நிக்கிறீங்க. அந்த மௌனம் இருக்கே, அடடா!" என்பார். விமர்சகர்கள் அவருக்கும் மேல். முடிவு என்பதையே உதறித் தள்ளியவள் என்று அவளைப் பற்றி நீளநீளமாகக் கட்டுரை எழுதினார்கள். படிக்கப் படிக்கப் பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் உதறித் தள்ளியது? ஒவ்வொரு கதைக்கும் முட்டி மோதி, நெஞ்சு நிறைகிற மாதிரி ஒரு முடிவு எழுதியவள் அவள். அதை மாடிவீட்டில் வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள் ஐயா! எவனாவது ஒருத்தன் கேட்டானா, கடைசிப் பக்கம் எங்கேம்மா என்று?

மாடியில் எதுவும் வீணாகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாச்சிமுத்து தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் முடிவுகளை அடுக்கி வைத்திருந்தார். தேவைப்படும்போது ஒன்றை எடுத்துப் பிரிப்பார். அவருடைய பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. அவன் பூ வாங்க மறந்துவிட்டான், அவள் சிரித்தாள் என்று முடிகிற பக்கத்தை எடுத்தார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பூ வாங்க மறந்தான், பெண் சிரித்தாள். பங்காளியோடு இருந்த வரப்புத் தகராறு, இரண்டு கிழவர்கள் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுக்கிற முடிவில் தீர்ந்தது. நெடுநாளாக இழுத்துக்கொண்டு கிடந்த அவருடைய மாமனார், பூங்கோதை அழுதுகொண்டே எழுதிய ஒரு முடிவில், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். எழவுக்கு வந்தவர்களெல்லாம் "சாவுன்னா இப்படி வரணும்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

கீழ்வீட்டில் எதுவும் முடியாது. குழாய் சொட்ட ஆரம்பித்தால் சொட்டிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு ஆடியில் பிடித்த இருமல் தை பிறந்தும் விடவில்லை. கோலப்பொடிக்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு தொடங்கிய சண்டை, தினமும் காலையில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தம்பி மணிவாசகம் ஒருநாள் மதியம் செருப்பை மாட்டிக்கொண்டு, "கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்றான். போனவன் போனவன்தான். அதுவும் முடியவில்லை. செத்துவிட்டான் என்று வாய்விட்டு அழவும் வழியில்லாமல், வருவான் என்று நம்பி உட்காரவும் வழியில்லாமல், அம்மா தினமும் மதியம் மூன்று தட்டு வைத்தாள். மூன்றாவது தட்டைச் சாயங்காலம் கழுவிக் கவிழ்ப்பாள்.

ஒருமுறை பூங்கோதை மாடியேறிப் போய்க் கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு திருப்பிக் குடுங்க. அம்மா இருமலுக்கு."

நாச்சிமுத்து நல்ல மனிதர். அவளுக்கு நாற்காலி போட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. முடிவு இல்லாமலே நீங்க கதை எழுதிடறீங்க, பேரும் வருது. முடிவு இல்லாம நான் எப்படிங்க குடும்பம் நடத்தறது?" என்றார். அவருடைய மனைவி ருக்மணி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வயிற்றெரிச்சலோடு அதைக் குடித்துவிட்டு வந்தாள் பூங்கோதை.

அன்றைக்குத்தான் தம்பியின் கதையை எழுத உட்கார்ந்தாள். பத்திரிகைக்கு இல்லை, வாடகைக்கும் இல்லை. மணிவாசகம் என்ற பெயரைப் பால்காரரிடம் கொடுக்கவில்லை. அவன் பேச்சை மளிகைக்கு அனுப்பவில்லை, அந்த மாதம் முழுக்க உப்பும் மிளகாயும் வைத்தே ஓட்டினார்கள். கீரைக்காரம்மா மழை கேட்டு வாசலில் கத்திவிட்டுப் போனாள், போகட்டும் என்று பூங்கோதை விட்டுவிட்டாள். எழுத ஆரம்பித்த நாளிலிருந்து ஒருத்தரும் கை வைக்காத முழுக்கதை அது ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில், ஒரு மதியம், தம்பி வருகிறான். வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். அடுப்படியை எட்டிப் பார்த்து, "சோறு இருக்கா?" என்கிறான். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை நாலாக மடித்து அரிசி டின்னுக்குள் வைத்தாள். வெள்ளிக்கிழமை அம்மா மூன்றாவது தட்டை வைக்கும்போது எடுத்துப் பிரிப்பது என்று இருந்தாள்.

வியாழக்கிழமை ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எழுத்தை மட்டும் நம்பி வாழ்வது எப்படி என்பது தலைப்பு. பூங்கோதை தெரிந்ததைச் சொன்னாள். தினமும் எழுதுங்கள். பெயரை மலிவாகக் கொடுத்துவிடாதீர்கள், பால்காரர் பழகிவிடுவார். ஐப்பசியில் மழைக்கு மதிப்பிருக்காது, கோடைக்கு எடுத்து வையுங்கள். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மேடம், முடிவை விட்டுக்கொடுக்கிற மனசு எப்படி வருது?" என்று கேட்டாள்.

"வயித்தெரிச்சலோட வருது" என்றாள் பூங்கோதை. பலத்த கைதட்டல். சால்வை போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா இருமிக்கொண்டே சொன்னாள், "வாடகை குடுத்துட்டேன்."

"எதை?"

"மாசம் பொறந்து இத்தனை நாளாச்சுன்னு அவர் ஒண்ணும் கேக்கல. சும்மா படியில நின்னாரு. எனக்குத்தான் கூசிப்போச்சு. அரிசி டின்ல ஒண்ணு மடிச்சு வெச்சிருந்தியே, அதை எடுத்துக் குடுத்துட்டேன். நாலு பேர் மத்தியில குடியிருக்கோம், வாடகையை இழுத்தடிச்சா நல்லாவா இருக்கும்?"

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது தம்பியின் பக்கம் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? பூங்கோதை கொல்லைப்பக்கம் போய்ப் பிளாஸ்டிக் குடத்தை ஓங்கி ஓர் உதை விட்டாள். அது உருண்டுகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மணிவாசகம் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், முன்நெற்றி ஏறியிருந்தது. கீழ்வீட்டு வாசலைத் தாண்டி, செருப்பை இழுத்து இழுத்து மாடிப்படி ஏறினான். மேலே வாசலில் செருப்பைக் கழற்றினான். "சோறு இருக்கா?" என்று அவன் கேட்டது கீழே தெளிவாகக் கேட்டது.

நாச்சிமுத்துவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவர் தட்டோடு நகர்ந்து இடம் விட்டார். ருக்மணி, "உக்காரு தம்பி, ஏன் இவ்வளவு நேரம்?" என்று சொல்லி இலை போட்டாள். அன்றைக்கே ரேஷன் கார்டில் அவன் பெயரைச் சேர்த்தார்கள்.

கீழே அம்மா மூன்றாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். "மாடிக்கு யாரோ வந்திருக்காங்க போல. நம்ம மணி மாதிரியே செருப்பை இழுத்து நடக்கறான்" என்றாள். பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பூங்கோதைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தடதடவென்று மாடியேறினாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மணிவாசகம் திரும்பிப் பார்த்து, "வாங்க அக்கா, அண்ணன் உள்ளதான் இருக்காரு" என்றான். கீழ்வீட்டில் யார் குடியிருந்தாலும் அவன் அப்படித்தான் கூப்பிட்டிருப்பான்.

"அவன் என் தம்பிங்க!" என்று கத்தினாள்.

"ஆமாங்க" என்றார் நாச்சிமுத்து. "இல்லேன்னு யார் சொன்னது?"

"எங்கம்மா தெரியாம எடுத்துக் குடுத்துட்டாங்க. திருப்பிக் குடுங்க."

"வாங்கும்போது நானும் பிரிச்சுப் பாக்கலீங்க. வாடகையை முன்னாடியே பிரிச்சுப் பாக்கறது மரியாதை இல்லை. இப்ப நடந்து முடிஞ்சுபோச்சு, அதை எப்படிங்க திருப்பறது? உங்களுக்கு மனசு சரியில்லேன்னா வீட்டைக் காலி பண்ணிக்குங்க, அட்வான்ஸைக் குறையில்லாம தந்துடறேன்."

பெட்டியைத் திறந்து அந்தப் பத்தையும் எடுத்துக் காட்டினார். பூங்கோதை இளவயதில் எழுதியவை. அந்த வயதில் அவள் கதையில் ஒருவரும் பிழைத்ததில்லை. ஒன்றில் ரயில், ஒன்றில் கிணறு, ஒன்றில் இடி, மிச்சத்திலெல்லாம் காசநோய். "ஒண்ணைக்கூட நான் தொட்டதில்லீங்க. குடும்பம் நடக்கற வீட்ல இதை எங்க வெக்கறது?" என்றார் வருத்தமாக.

"உருப்படுவீங்களா நீங்க?" என்று ஆரம்பித்தாள் பூங்கோதை. இத்தனை வருடம் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. "ஒரு முடிவு எழுத என் உசுரு போகுது. உங்க பொண்ணு கல்யாணம் என்னோடது, உங்க மாமனார் சாவு என்னோடது. எங்கம்மா இருமி இருமி நெஞ்சு காஞ்சு கிடக்கா, நீங்க மோர் குடுக்கறீங்க! இதுக்குப் பேரு வாடகையா? திருட்டு!"

நாச்சிமுத்துவின் முகம் வாடிவிட்டது. "அந்த வார்த்தை மட்டும் வேணாம்மா. முடிவு மட்டும்தான் நம்ம பேச்சு. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க, என்னிக்காவது உங்க ஆரம்பத்துல நான் கை வெச்சிருக்கேனா?"

கை வைத்ததில்லை. அது உண்மைதான். ஆரம்பம் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது என்று நினைத்தபடி பூங்கோதை இறங்கி வந்தாள்.

மறுநாள் அம்மா அடுப்படியில் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டதும் பூங்கோதை வெறும் தரையில் உட்கார்ந்து ஒரு தாளை இழுத்துவைத்தாள். பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில் எழுதினாள்: மதியம் ஒரு மணிக்குத் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து, அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மணிவாசகம் வந்து உட்கார்ந்தான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கையைக் கழுவினியா?" என்றாள்.

அவன் எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்தான். அம்மா சோறு போட்டாள் என்று எழுதினாள் பூங்கோதை. சாம்பார் ஊற்றினாள் என்று எழுதினாள். அவரைக்காய், சோற்றிலிருந்து ஏறும் ஆவி, தட்டின் ஓரத்தில் இருந்த நசுங்கல், ஒன்றையும் விடவில்லை. இந்தக் கதை முடிந்தால் முடிவு மாடிக்குப் போகும், அதோடு அவனும் போவான். ஆகவே அவள் முடிக்கப்போவதில்லை.

மாதம் பிறந்ததும் நாச்சிமுத்து படியில் வந்து நின்றார். "முடிஞ்சுதுங்களா?"

"எங்கீங்க, இன்னும் ரசத்துக்கே வரல" என்றாள் பூங்கோதை, தலை நிமிராமல்.

கதை நடுவில் இருக்கிறவரைக் காலி பண்ணச் சொல்லும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. அவர் திரும்பிப் போனார். அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். தம்பி இரண்டாம் முறை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். மாடியில் பெட்டி காலியாகிக்கொண்டு வந்தது. பெண் கோபித்துக்கொண்டு பிறந்தகம் வந்தாள், அந்தக் கோபம் முடியவில்லை. நாச்சிமுத்துவுக்கு இருமல் பிடித்தது, அதுவும் விடவில்லை. பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "நாவல் பெருசாகுதாமே? பாதியில விட்டுடுங்கம்மா, அதுதானே உங்க பாணி" என்றார். "பாணியாவது மண்ணாங்கட்டியாவது" என்று போனை வைத்தாள்.

சாப்பாடு முடியாததால் கீழ்வீட்டில் மதியமும் முடியவில்லை. தெருவில் விளக்கு எரிந்தாலும் அவர்கள் வாசலில் ஒரு மணி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் மழை பிடித்துக்கொண்ட கார்த்திகையில் ருக்மணி வடகத் தட்டோடு இறங்கி வந்தாள். கீழ்வீட்டு வாசலில் தட்டை வைக்கக் குனிந்தாள்.

"வெயிலுக்கு வாடகை உண்டுங்க" என்றாள் பூங்கோதை. "தட்டுக்கு ஒரு முடிவு."

ருக்மணி யோசித்தாள். "பெட்டியில உங்க அட்வான்ஸ்தான் கிடக்குது. எல்லாம் சாவுங்களாச்சே."

"பரவாயில்ல, கொண்டாங்க."

ருக்மணி கிணற்றில் முடிகிற பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பூங்கோதை அதை அம்மாவின் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள். அம்மாவின் இருமல் எழுந்து கொல்லைப்பக்கமாகப் போய்க் கிணற்றில் விழுந்து செத்தது.

அம்மா தொண்டையைச் செருமிப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு குரல் முழுசாக வந்தது. "மணி, இன்னும் ஒரு கை போடவா?"

"போடும்மா" என்றான் அவன்.

பூங்கோதை அதை எழுதிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வாசலில் தட்டும் முறமுமாகத் தெருவே நின்றுகொண்டிருந்தது. எல்லாருக்கும் கடைசியில் நின்ற நாச்சிமுத்து, ஈர மிளகாய்ச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இருமியபடி முன்னால் வரப் பார்த்தார்.

"வரிசையில வாங்க" என்றாள் பூங்கோதை.