மதிலுக்குள் ஒரு அரிசிக் கிடங்கு

டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையாகக் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. சார் நேவியில என்ன வேலை பார்த்தாங்க?"

"சமையல் வேலைம்மா," என்றாள் ஜோதிலட்சுமி. முப்பது வருஷமாகப் புருஷன் அவளிடம் சொன்னது அதுதான்.

"சமையல்காரருக்கு நுரையீரல் இப்படி ஆகாது. கேஸ், கெமிக்கல், ஆழத்துல தண்ணிக்குள்ள வேலை, ஏதோ ஒண்ணு இருந்திருக்கணும். என்னன்னு தெரிஞ்சா மருந்தை மாத்திப் பார்க்கலாம்." எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பால்வண்ணநாதன் மாஸ்க்குக்குள் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்து ஐந்து நாள். மகன் மாரிராஜ் வராந்தாவில் நின்று, அப்பா வேலை பார்த்த கடற்கரைத் தளத்துக்குக் காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருந்தான். ஒருத்தர் இன்னொருத்தருக்கு மாற்றினார், அவர் வேறொருத்தருக்கு. கடைசியில் ஒரு குரல், எழுதிக் கேளுங்கள், முப்பது நாளில் பதில் வரும் என்றது. இங்கே முப்பது மணி நேரம் தாங்குமா என்பதே சந்தேகமாக இருந்தது.

அந்தத் தளத்தை ஜோதிலட்சுமி மூன்று தடவை பார்த்திருக்கிறாள், வெளியே நின்றுதான். கல்யாணமான புதிதில் அது ஒரு தென்னந்தோப்பு, நாலு தகரக் கொட்டகை, பக்கத்தில் மீனவர் குடிசைகள். வாசலில் 'உணவுப் பொருள் கிடங்கு' என்று பலகை. மாரிராஜைத் தூக்கிக்கொண்டு போனபோது ஆளுயர மதில் எழும்பியிருந்தது. கடைசியாகப் போனபோது மதிலைச் சுற்றி இன்னொரு மதில். குடிசைகள் இருந்த தடமே இல்லை. பலகை மட்டும் அதே பலகை. "அரிசி பருப்புக்கா இம்புட்டு மதிலு?" என்று கேட்டாள். "எலி ஜாஸ்தி," என்றார். சரியான கல்லுளிமங்கன். கிணற்றில் போட்ட கல்லாவது விழும்போது ஒரு சத்தம் போடும்.

குற்றால சீசனில் ஊரே அருவிக்குள் நிற்கும்போது அவர் மட்டும் துண்டையும் எண்ணெய்க் குப்பியையும் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். நேவிக்காரனுக்குத் தண்ணியைக் கண்டால் பயம் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினால் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அவள் அருவிக்குள் நுழையும் முன் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவார். அவள் காய்ச்சலில் படுத்தாலும் அதேதான். பிரசவ அறைக்குள் போனபோதும் அதேதான். அவர் பழக்கம் அது என்று அவள் கண்டுகொண்டதே இல்லை.

அவள் கட்டிலோரம் குனிந்தாள். "இப்பமாவது சொல்லுங்க. டாக்டரு கேக்காவ. உங்க உசுருக்குத்தான கேக்காவ."

அவர் மாஸ்க்கை விலக்கினார். "சமையல்தான், ஜோதி."

பிறகு கையைத் தூக்கி அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். விரல்களை வளையமாகச் சேர்த்தார். அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "இதுக்கு மட்டும் ஒண்ணும் குறைச்சலில்ல," என்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, மாஸ்க்கைச் சரிசெய்தாள். பால் வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது நர்ஸ் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில், செங்கோட்டையில் கொல்லம் ரயிலை விட்டு இறங்கி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பால்வண்ணநாதன் வயதுதான் இருக்கும். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

"சேச்சி, நான் சசிதரன். நாதன்கூட ஜோலி பார்த்தவன்."

"நீங்களும் சமையலா, அண்ணாச்சி?"

அவர் தரையைப் பார்த்தார். "ஆமா, சேச்சி."

"அவுகதான் போயிட்டாவளே. இனிமேயாவது சொல்லப்படாதா? தெரிஞ்சிருந்தா மருந்த மாத்தியிருப்பாவ."

"நாதன் போயாச்சு. வாக்குக் கொடுத்த நான் இருக்கேனே, சேச்சி." பிறகு, "அந்தத் தகர ஷெட்டுக்கு ஆத்யம், முதமுதல்ல, வந்த பதினோரு பேரும் கொடுத்த வாக்கு," என்றார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. உலுக்கித்தான் என்ன ஆகப்போகிறது.

சிற்றாற்றுக்குப் போனவர்கள் சங்கு ஊதிக்கொண்டு, உடம்பைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடங்களோடு திரும்பினார்கள். முற்றத்தில் பெஞ்சில் சாத்தியிருந்த உடம்புக்கு ஒவ்வொருவராக எண்ணெய் வைத்தார்கள். மாரிராஜ் முதல் குடத்தைத் தூக்கியபோது சசிதரன் முன்னால் வந்தார்.

"ஒரு நிமிஷம், மோனே."

நண்பனுக்கு முன்னால் சிரமப்பட்டுக் குந்தினார். தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். விரல்களை வளையமாகச் சேர்த்து அந்த முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். சங்கு ஊதுபவன்கூட நிறுத்திவிட்டான்.

ஜோதிலட்சுமி பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தாள். "அண்ணாச்சி, அது என்னது?"

"தண்ணிக்குள்ள பேச முடியாதுல்ல, சேச்சி." சொல்லிவிட்டோமே என்பதுபோல ஒரு கணம் நிறுத்தினார். "சுகமா இருக்கியான்னு கேக்கறது. கூட வந்தவன் அதையே திருப்பிக் காட்டணும். காட்டலேன்னா அவனை விட்டுட்டுப் போகமாட்டோம்."

குடத்துத் தண்ணீர் தலையில் விழுந்து மார்பில் வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். ஜோதிலட்சுமி மட்டும் தெருவில் இறங்கி, விரல்களை வளையமாகச் சேர்த்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மதினி ஒருத்தி ஓடிவந்து, "ஏட்டி, என்னட்டி இது?" என்று அந்தக் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள்.

பாடை தெருமுக்குத் திரும்பும்வரை அவள் கையை இறக்கவில்லை.