அடுத்த ரத்தம் எப்போது

...ஆறு மாதமா? இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதும், அப்புறம் வருஷத்துக்கு ஒன்றே போதும் என்று டாக்டர் சிரித்தபடிதான் சொன்னார், ரத்தத்தில் வைரஸ் டெஸ்டிலேயே அகப்படாத அளவுக்கு இறங்கி இரண்டு வருஷமாக அப்படியே நிற்கிறது சபரி, நல்ல பிள்ளை என்றார்... எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்று இந்த வார்த்தைக்காக யார் காலில் வேண்டுமானாலும் விழுந்திருப்பேன், இன்று கேட்டதும் அந்தப் பொய்தான் வாயிலிருந்து விழுந்தது, போன மாதம் ஒரு வாரம் மாத்திரை போடவில்லை சார். அவர் சிரிப்பு நின்றுபோனது. அப்படியானால் இன்றைக்கே இன்னொரு தடவை எடுத்துவிடலாம், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்று ஃபைலில் எழுதினார். அட மடையா, நான்கு வருஷத்தில் ஒரு நாளாவது தவறியிருக்கிறாயா நீ? மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டேன் என்று சாதிக்கிறவர்கள் உண்டு, போட்டுவிட்டு விட்டேன் என்பவன் இந்த பூனாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிறேன், எதற்காக? உள்ளே ரத்தம் எடுக்கிற கிளாரிசாவுக்காகவா? காதலா? சீ, அதெல்லாம் இல்லை, அவள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன், இங்கே கேம்ப் ஏரியாவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம், அவள் தமிழில் பாதி ஹிந்தி... ஆனால் என் மணிக்கட்டைத் திருப்பி, விரலால் நரம்பைத் தேடி, சாப்ட்டீங்களா சார் என்று கேட்கிற ஒரே ஆள் அவள். கராடியில் என் ஃபிளாட்டில் யார் கேட்பார்கள்? ஆபீசில் கேக் வெட்டினால் நானே இரண்டடி தள்ளி நிற்கிறேன், யாருக்கும் தெரியாது, தெரியாததால்தான் தள்ளி நிற்கிறேன். அம்மா கோயமுத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், ஜாதகம் ஒண்ணு வந்திருக்குது கண்ணு, இந்தத் தடவையாச்சும் பாரு என்பாள், மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்... மூன்று மாதத்துக்கு ஒரு காலை, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு இங்கே வருகிறேன், எதையும் மறைக்காமல் உட்கார்ந்திருப்பது அந்த ஐந்து நிமிஷம்தான். அதையும் பாதியாக்கினால் நான் என்ன செய்வேன்?

கூப்பிட்டுவிட்டாள். சாப்ட்டீங்களா என்று கேட்கவில்லை, ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தாள், ஒரு வாரம் விட்டீங்களா சார், க்யோன், ஏன் இப்படிப் பண்ணீங்க என்றாள். வேலை ஜாஸ்தி என்று முனகினேன். கையில் பட்டையைக் கட்டினாள், கைய மூடிப் பிடிங்க, அவ்வளவுதான் பேச்சு, ஊசி போனது, ரத்தம் குழாயில் ஏறியது, நான் காத்திருந்த ஐந்து நிமிஷம் சுவரைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது. பஞ்சை வைத்து அழுத்தியபோதுதான் சொன்னாள், "புதுசா வந்து அழறவங்ககிட்ட உங்கள பத்திதான் சார் சொல்வேன். பேரெல்லாம் சொல்ல மாட்டேன். ஒருத்தர் வருவாரு, நாலு வருஷம், ஒரு நாள்கூட விட்டதில்ல, அவரப் பாத்தா உடம்புல ஒண்ணு இருக்குன்னே தெரியாதுன்னு... போன வாரம்கூட ஒரு பொண்ணு. அப்புறம்தான் அழுகைய நிறுத்திச்சு."

பூட்டிய ஃபிளாட்டில், உலகத்தில் எவனுக்கும் என் நினைப்பு இல்லை என்று நான் படுத்துக்கிடந்த சாயங்காலங்களில், இங்கே இந்த நாற்காலியில் முகம் தெரியாத யாரோ என்னைப் பற்றிக் கேட்டுக் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள்... இவ்வளவு நாளும்... இனி அடுத்து அழுகிறவளிடம் கிளாரிசா என்ன சொல்வாள்? டாக்டரின் கதவு நாலடி தூரம்தான், போய், பொய் சொன்னேன் சார் என்றால் ஆறு மாதம், போகாவிட்டால் மூன்று. பஞ்சை அமுக்கியபடி எழுந்தேன், பின்னால் அவள் அடுத்த பேரைக் கூப்பிடுகிறாள், நகருங்க சார் என்கிறாள், நான் எந்தப் பக்கம் நகர்வது?