ஓட்டை போட்ட டிஸ்க்

யோக் பெங் கேட்ட கேள்விக்கு மெக்கானிக் ஆ சூன் அவள் கணவனைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"முன்னாடி ரெண்டு பிரேக் டிஸ்க்கும் தேஞ்சு விளிம்பு கட்டிருச்சு, பாஸ். பேடெல்லாம் இரும்பு வரைக்கும் வந்தாச்சு. மொத்தமா மாத்திரலாம். ரேஸ் பேடு இருக்கு, சும்மா கடிச்சுப் பிடிக்கும். டிஸ்க்கு ஓட்டை போட்டது. சக்கரத்துக்கு நடுவுல தெரியும் பாருங்க, அழகுன்னா அழகு."

'பாஸ்' ஆகிய கோக் வா பெரிய மனிதத் தோரணையில் தலையை ஆட்டினான். அந்தக் காரைப் பற்றி அவனுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அது சிவப்பு என்பதுதான். கார் யோக் பெங்குடையது. இரண்டே இருக்கை, மடக்கித் திறக்கும் கூரை. குனோங் ராப்பாட்டில் ஹியோங் பியா பிஸ்கட் சுட்டு விற்கும் கடை அவளுடையது. அடுப்பு வெக்கையில் வருஷக்கணக்காக நின்று வாங்கிய வண்டி. அதில் கோக் வாவின் இடம் இடது இருக்கை.

"ஆ சூன், நான் இங்க நிக்கிறேன்" என்றாள் யோக் பெங். "காலையில கடை திறக்கப் போறப்ப பிரேக் சில்லுன்னு இருக்கும். மொத மிதியிலேயே வண்டி நிக்கணும். வழியில பள்ளிக்கூடம் இருக்கு. கேமரன் மலைக்கு எப்பவாவது போவேன், இறங்கி வரும்போது பிடி விட்டுறக் கூடாது, அவ்வளவுதான். உன் ரேஸ் பேடு சூடு ஏறினாத்தான் பிடிக்கும். எனக்கு ரோட்டுக்குன்னு செஞ்ச நல்ல பேடு போடு. டிஸ்க்கு ஓட்டை இல்லாதது. ஓட்டை போட்டது மலைச் சூட்டுல கீறல் விடும். பிரேக் எண்ணெயையும் மாத்திரு."

ஆ சூன் கடைசிச் சொல் வரைக்கும் பொறுமையாகக் கேட்டான். பிறகு கோக் வாவின் பக்கம் திரும்பினான்.

"அப்படியா, பாஸ்?"

யோக் பெங்குக்குக் காது மடல் சூடானது. கோக் வா சிரித்தபடி, "அவ சொல்றபடி செஞ்சிரு லா" என்றான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. குழந்தை கேட்ட பொம்மையை வாங்கிக் கொடுக்கிறவனின் சிரிப்பு அது.

சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் பிஸ்கட் தகரங்கள் கூரையைத் தொட்டன. வண்டியைக் கொண்டுபோய் விட்டு எடுத்து வருகிற வேலையை அவள் கோக் வாவிடம் விட்டாள். அதுதான் அவள் செய்த தவறு. ஏனென்றால் கோக் வா ஆ சூனிடம் போவதற்கு முன்னால் கழகத்திடம் போனான்.

கிந்தா பள்ளத்தாக்கு உயர்வேக ஊர்தியாளர் கழகம் என்பது அதன் முழுப்பெயர். உறுப்பினர்கள் உயர்வேகத்தில் போய் யாரும் பார்த்ததில்லை. ஞாயிறு காலை ஒரு கோப்பிக்கடை வாசலில் கார்களை வரிசையாக நிறுத்தி, முன்மூடிகளைத் திறந்துவைத்து, ஒருவர் இயந்திரத்தை மற்றவர் எட்டிப் பார்த்து, "ம்ம்" என்பார்கள். கழகத்தில் இரண்டு வகை அட்டை உண்டு. உறுப்பினர் அட்டை கோக் வாவிடம் இருந்தது. கார் யார் பெயரில் இருக்கிறதோ அந்த யோக் பெங்கிடம் 'துணைவியார்' அட்டை இருந்தது. துணைவியார்களுக்குத் தனி மேசை, தனிக் கோப்பி. இது ஏன் என்று அவள் ஒருமுறை கேட்டாள். அது அமைப்பு விதி என்றார்கள்.

தலைவர் டத்தோ கமாருல். அந்த 'டத்தோ' பட்டம் கிடைத்ததிலிருந்து அவர் எதையும் 'சொல்வதில்லை', 'அறிவுறுத்துவார்'. அந்தப் பட்டம் எதற்காகக் கிடைத்தது என்று கேட்ட ஒரு பல் மருத்துவர் மறுவாரமே கழகத்தில் இல்லை. டத்தோவின் வெள்ளிநிறக் காரின் சக்கரங்களுக்குள் டிஸ்க்கைக் கவ்வும் கொழுத்த சிவப்புப் பிரேக் தாடைகள் பளபளக்கும், மேலே வெள்ளை எழுத்து. புதிய உறுப்பினர்கள் அந்தச் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்துதான் முதல் படம் எடுத்துக்கொள்வார்கள்.

இத்தனையும் யோக் பெங்குக்குத் தெரியும். தெரியாதது, டத்தோ கோக் வாவுக்குத் தொலைபேசியில் அறிவுறுத்தியது. அதை அவள் பிரேக்கை மிதித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

கோக் வா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது இருட்டிவிட்டது. "உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்கு, காலையில பாரு" என்றான். அவள் களைப்பில் எதுவும் கேட்கவில்லை. காலையில் எதையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து கிளம்பினாள். வழியில் பிரேக்குக்கு வேலையே வரவில்லை. பள்ளிக்கூட வளைவில் சாலை கடக்கவைக்கும் மலாய் ஆன்ட்டி, எல்லாருக்கும் மக்சிக், நிறுத்தப் பலகையைத் தூக்கினாள். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் சாலையில் இறங்கினார்கள். யோக் பெங் மிதித்தாள்.

மரக்கட்டையை மிதித்தது போல இருந்தது. பெடல் இறுகி நின்றது, வண்டி போய்க்கொண்டிருந்தது. இருக்கையை விட்டு எழும்பி முழு உடம்பையும் காலில் இறக்கினாள். 'கீஈஈ' என்று ஊரைக் கூட்டும் சத்தத்தோடு கார் வெள்ளைக் கோடுகளைத் தாண்டி, மக்சிக்கின் பலகையை உரசிக்கொண்டு நின்றது. மக்சிக் ஒரு சிறுமியை முதுகுப்பையோடு பிடித்துப் பின்னால் இழுத்திருந்தாள். அந்தப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் காருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"என்னா அக்கா, கண்ணு தெரியல? கார் பெருசா, பிள்ளை பெருசா?" மக்சிக் காரின் மூக்கில் பலகையால் ஓங்கித் தட்டினாள். "சிவப்புக் கார் வாங்கினா ரோடே உங்களுதா?"

யோக் பெங் இறங்கினாள். மன்னிப்புக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். பிள்ளை அழவில்லை, வாயைத் திறந்தபடி போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தது. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகுதான் அவள் குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தாள். வரிசை வரிசையாக ஓட்டை போட்ட புத்தம்புது டிஸ்க் அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

காரை ஓரமாக அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கோக் வா முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தான்.

"பாத்தியா?" என்றான் ஆவலோடு.

"ஒரு பிள்ளையைக் கொல்லப் பாத்தேன்."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது, அது உண்மை. ஆனால் வெளுத்த முகத்தோடு அவன் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"டத்தோ சொன்னாரே பெங்... மொதல்ல ரெண்டு மூணு தடவை மிதிச்சுச் சூடு பண்ணிக்கணுமாம்."

"ஓ! அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லவா? 'இருடி கண்ணு, ஆன்ட்டி இன்னும் சூடாகல, சூடானதும் நிறுத்துறேன்'னு?"

"ஓட்டை இல்லாத டிஸ்க்கு போட்டா கழகத்துக்கே கேவலம்னு குழுவுல எல்லாரும்..."

"கழகத்துக்கு! என் காலு, என் வண்டி, உன் கழகம்! நான் ஆ சூன்கிட்ட என்ன சொன்னேன்? தமாஷுக்கா சொன்னேன்?"

"உனக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான் லா..."

"எனக்குச் சந்தோஷம் நான் கேட்டதைச் செய்யறது, கோக் வா. அதைச் செய்ய உனக்கு ஒரு டத்தோ வேணுமா?"

அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள். கடைக்குப் பழைய வேனில் போனாள். மாவைப் பிசைந்த விதத்தைப் பார்த்து வேலைக்காரப் பெண்கள் அவள் பக்கமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் இழுவை லாரியை வரவழைத்துக் காரை அதன் முதுகில் ஏற்றினாள். போக வேண்டிய இடம் மெங்லெம்புவில் வேறொரு பட்டறை. ஆனால் வழியில் ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். லாரிக்காரர் கோப்பிக்கடை வாசலில் மினுங்கும் கார் வரிசையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், வண்டி ரிப்பேருக்குப் போகுதா, கண்காட்சிக்குப் போகுதா?"

"ரெண்டுக்கும்."

லாரி வரிசையின் நட்டநடுவில் பெருமூச்சு விட்டு நின்றது. அப்போதுதான் குழுப்படம் எடுக்க எல்லாரும் பதாகைக்குக் கீழே நின்றிருந்தார்கள். உயர்வேக ஊர்தியாளர்களின் முன்னால் அவர்களில் ஒருவருடைய ஊர்தி, சங்கிலி கட்டி, ஆளில்லாமல். ஓரமாக நின்ற கோக் வா பதாகைக்குப் பின்னால் போக இடம் தேடினான்.

"அடடா, என்ன ஆச்சு?" டத்தோ கமாருல் கையை விரித்தபடி வந்தார். "பழுதா? கோக் வா, நீங்க சொல்லவே இல்லையே."

"என்கிட்டக் கேளுங்க, டத்தோ. நீங்க அறிவுறுத்தின பிரேக்கு பள்ளிக்கூட வாசல்ல நிக்கல. ஒரு பிள்ளை தப்பிச்சது மக்சிக் புண்ணியத்துல."

"அது வந்து..." டத்தோ தொண்டையைச் செருமினார். "உயர்தர உபகரணத்துக்கு உயர்தர ஓட்டும் முறை தேவைப்படுது. எல்லாராலயும் முடியாது. பெண்கள் வழக்கமா மெதுவா மிதிப்பாங்க."

பின்னால் இரண்டு மூன்று தலைகள் "ம்ம்" என்றன. இயந்திரத்துக்குச் சொல்லும் அதே "ம்ம்".

"உங்க வண்டியில என்ன பேடு, டத்தோ?"

"அதெல்லாம் பந்தயத் தரம்."

"பாக்கலாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் வெள்ளிக் காரின் முன்சக்கரத்தருகே குந்திவிட்டாள். கம்பிகளுக்கிடையே விரலை விட்டு அந்தப் புகழ்பெற்ற சிவப்புத் தாடையைத் தட்டினாள். இரும்பின் ஒலி வரவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவைத் தட்டியது போல 'டப் டப்' என்றது. விளிம்பைப் பிடித்து இழுத்தாள். ஒட்டுநாடா கிழிந்து, வெள்ளை எழுத்தோடு சேர்ந்து அது கையோடு வந்தது. பிளாஸ்டிக் மூடி. அதற்குப் பின்னால் துரு ஏறிய சாதாரணப் பிரேக்கு, கார் பிறந்தபோது கம்பெனி வைத்து அனுப்பியது.

யாரோ 'ஹெ' என்று ஆரம்பித்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"இது... தூசி படாம இருக்கறதுக்கு" என்றார் டத்தோ.

"தூசியா?" துணைவியார் மேசையிலிருந்து குரல் வந்தது. டத்தோவின் மனைவி டத்தின் ரொஹானா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பலகாரத்தைப் பிட்டுக்கொண்டே பேசினாள். "அபாங், பொய் சொல்லாதீங்க, ஞாயித்துக்கிழமை அதுவுமா. அந்த ரேஸ் பேடை நான்தான் கழட்டச் சொன்னேன், பெங். மார்க்கெட்டுக்கு நான்தானே ஓட்டிட்டுப் போறேன். மழையில ஒருநாள் மீன்காரர் கூடைக்குள்ள போய் நின்னுச்சு. கழட்டிட்டு வாங்க, இல்லாட்டி மீன் நீங்களே வாங்கிக்குங்கன்னேன். பழசைப் போட்டதும் நல்லா நிக்குது. அந்தச் சிவப்பு மூடி மட்டும் அவரு ஆசை."

இப்போது இருமலாக மாற்றிக்கொள்ள யாராலும் முடியவில்லை.

யோக் பெங் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. தெரியாமல் சொன்னவனை மன்னிக்கலாம். இவருக்குத் தெரிந்திருந்தது. தன் வண்டியிலிருந்து கழற்றி எறிந்ததை, தன் மானம் போகக் கூடாது என்று அவள் வண்டியில் மாட்டச் சொல்லியிருக்கிறார். பிளாஸ்டிக் மூடியை அவர் கையில் திணித்தாள்.

"இது பிள்ளை குறுக்க வந்தா நிக்குமா, டத்தோ? நிக்கும்னா சொல்லுங்க, எனக்கும் ஒண்ணு வாங்கிக்கறேன்."

லாரியில் ஏறினாள். கோக் வா ஓடி வந்தான். "பெங், நான்?"

"உறுப்பினர் யாராவது கொண்டுவந்து விடுவாங்க."

மெங்லெம்புப் பட்டறையில் அவள் எதையும் மறுபடி விளக்கவில்லை. ரோட்டுப் பேடு, மொட்டை டிஸ்க், புது எண்ணெய் என்றாள். பட்டறைக்காரர் "சரி" என்றார். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்க இவ்வளவு ரகளை தேவைப்பட்டதே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது. கடைசித் திருகாணி இறுகும்வரை அவள் முக்காலியை விட்டு எழவில்லை.

நடுவில் கைபேசி சிணுங்கியது. கழகக் குழுவில் வந்ததைக் கோக் வா அனுப்பியிருந்தான். 'நகரத்தில் ஓட்டும் உறுப்பினர்கள் குளிர்நிலையிலும் பிடிக்கும் பேடுகளையே பொருத்த வேண்டும் என்று தலைவர் அறிவுறுத்துகிறார். இது குறித்து டத்தோ கமாருல் தலைமையில் பாதுகாப்பு உபகுழு அமைக்கப்படுகிறது. செயலாளர் திரு. கோக் வா.' அதற்குக் கீழே கோக் வா தன் பங்குக்குக் கட்டைவிரல் படம் ஒன்றும் போட்டிருந்தான்.

"புது பேடு டிஸ்க்கோட சேரணும்" என்றார் பட்டறைக்காரர் சாவியைக் கொடுத்தபடி. "காலி ரோடாப் பாத்து, கொஞ்சம் வேகம் எடுத்து நல்லா அழுத்திக் குறைங்க. முழுசா நிறுத்தாதீங்க. திரும்ப வேகம், திரும்ப அழுத்து. பாவம் பாக்காம மிதிங்க. அப்புறம் ஆற விடுங்க."

பாவம் பார்க்கும் நிலையில் அவள் இல்லை. பழைய ஈயச் சுரங்கக் குளத்தைச் சுற்றிப் போகும் வெறும் சாலைக்கு வந்தாள். வேகம் எடுத்தாள். 'அப்படியா, பாஸ்?' என்ற குரலை நினைத்து மிதித்தாள். கார் மூக்கைத் தாழ்த்திப் பணிந்தது. அடுத்தது துணைவியார் அட்டைக்கு. அடுத்து 'பெண்கள் மெதுவா மிதிப்பாங்க' என்றதற்கு. உபகுழுவுக்கு மிதித்தபோது சீட் பெல்ட் தோளை அறுத்தது. கோக் வாவுக்கு எத்தனை முறை மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கரிந்த வாடை வந்ததும் காற்றாட ஓட்டிவந்து, குளக்கரையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். டிஸ்க்கின் அருகே கையை நீட்டிப் பார்த்தாள். வெக்கை முழுக்கப் போய், இரும்பு சில்லென்று ஆகும்வரை காத்திருந்தாள். பிறகு ஏறி, தெருவில் போகும் வேகத்துக்கு வந்து, குறுக்கே யாரோ இருப்பதாக நினைத்து ஒரே மிதி.

கார் அங்கேயே நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்த கைபேசி நழுவிக் கீழே போய் விழுந்தது. இருக்கைக்கு அடியில் அது உறுமிக்கொண்டே இருந்தது, கோக் வா கூப்பிடுகிறான். யோக் பெங் குனிந்து எடுக்கவில்லை. இன்னொரு முறை வேகம் எடுத்தாள்.