ஞானஸ்நானம் நடந்த இடம்

எங்கள் சபையில் பீடத்துணிகள் நான்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்துக்கும் ஈஸ்டருக்கு முந்தின லெந்துக்கும் ஊதா, பண்டிகைகளுக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற நாளெல்லாம் பச்சை. நான்கின் மூலையிலும் சரிகை நூலில் ஒரே வாசகம்: அன்பளிப்பு, ஜெயபாண்டி, சபைச் செயலர். கிறிஸ்து பிறந்தாலும் இறந்தாலும் உயிர்த்தாலும் ஜெயபாண்டியின் பெயர் பீடத்தில் தொங்கும். இருபது வருஷமாக இங்கே உபதேசியாராக இருக்கிறேன். காலம் மாறும்போதெல்லாம் அவற்றை மடித்து விரிப்பது நான்தான். இப்போது தொடவே அருவருப்பாக இருக்கிறது.

ஜெயபாண்டிக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. தீபாவளி ஆர்டர் நெருக்கினால் பெண்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து மருந்து அடைக்கச் சொல்வார். மரத்தடி வேலை சட்டவிரோதம் என்று ஊருக்கே தெரியும். அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருத்தி வள்ளித்தாய். வருஷம் தவறாமல் இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டு வந்த குடும்பம். உடன் வேலை செய்த அழகுமீனா எங்கள் சபைப் பெண். அவளோடு ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்தவள், ஞானஸ்நானம் வேண்டுமென்று என் ஞானோபதேச வகுப்பில் சேர்ந்தாள்.

எங்கள் வழக்கத்தில் எல்லாம் மனப்பாடம். கற்பனைகள் என்று நாங்கள் சொல்லும் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப்பிரமாணத்தையும் அர்த்தத்தோடு, புத்தகத்தில் உள்ளபடியே ஒப்பிக்க வேண்டும். வள்ளித்தாய் விசுவாசப்பிரமாணத்தின் மூன்றாம் பகுதியில் திக்கினாள்.

"மருந்து வாடையில மண்டையில நிக்க மாட்டேங்குது உபதேசியாரே" என்றாள்.

ஈஸ்டருக்கு நடக்க வேண்டியதைப் பெந்தெகொஸ்தேக்குத் தள்ளினேன். அப்போதும் திக்கினாள். ஆகமன காலத்துக்குத் தள்ளினேன். ஆண்டவருக்கு ஒன்றும் அவசரமில்லை என்று வேறு சொல்லி அனுப்பினேன். எவ்வளவு திமிர் எனக்கு.

செப்டம்பரில் மரத்தடி மருந்து பற்றிக்கொண்டது. அழகுமீனா தீயணைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி அவள்மேல் ஊற்றினாள். "என் பேரைச் சொல்லி ஊத்து மீனா" என்று வள்ளித்தாய் கேட்டாளாம். அடுத்த வாளியில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே மீனா அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்த விசுவாசியும் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை விதி. பிறகு பதிவேட்டில் ஏற்றினால் போதும். நான்காம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் வள்ளித்தாய் இறந்துபோனாள்.

நவம்பர் முடிவில் வரும் சபை ஆண்டின் கடைசி ஞாயிறன்று, அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, பெயருக்கு ஒருமுறை மணி அடிப்போம். பதிவேட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. வள்ளித்தாயின் மகள் சினேகா என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். நான் கமிட்டியில் வைத்தேன்.

வாளித் தண்ணீர் பாசி பிடித்ததா, நல்ல தண்ணீரா என்று அரைமணி நேரம் பேசினார்கள். தீயை அணைக்க ஊற்றியதா, ஆத்துமாவுக்கு ஊற்றியதா என்று ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். வெந்து செத்தவளைப் பற்றிப் பேசிக்கொண்டே தேங்காய் பன்னை டீயில் நனைத்துத் தின்ன இவர்களால் முடிகிறது.

கடைசியில் ஜெயபாண்டி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஏத்திருவோம் உபதேசியாரே, நான் என்ன கல்நெஞ்சனா? நடந்த இடம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல வீடுன்னு போட்டுருங்க. கம்பெனின்னு போட்டா சபைக்குத்தான் அசிங்கம்."

போதகர் புகழேந்தி ஐயர் ஜன்னலைப் பார்த்தபடி தலையாட்டினார்.

வெளியே நின்ற மீனாவிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"பொய்யா எழுதாதீக. மரத்தடின்னு எழுதுங்க, இல்லேன்னா பேரே வேண்டாம்."

பெயர் ஏறுவதுதான் முக்கியம், ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே உபதேசம் செய்தேன். பொய்ச்சாட்சி பற்றிய எட்டாம் கற்பனையை அர்த்தத்தோடு, திக்காமல் சொல்லக்கூடியவன் நான். உள்ளே போய் 'வீடு' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஞாயிறன்று வள்ளித்தாயின் பெயரை வாசித்தேன். மணி அடித்தது. பெண்கள் பக்கத்தில் சினேகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு முறை தள்ளிப்போட்ட பாவத்தைத் தீர்த்துவிட்டதாக நினைத்து அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ஜெயபாண்டி வந்து, போதகர் ஐயரிடம் அந்தப் பக்கத்துக்கு நகல் வாங்கிப் போனார். செப்டம்பரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த தீ விபத்துக் கேஸில், வியாழக்கிழமை வள்ளித்தாயின் புருஷன் முனியராஜைப் போலீஸ் பிடித்துப்போனது. கம்பெனியில் எதுவும் நடக்கவில்லையாம். புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்தபோது பற்றியதாம். உடன் இருந்த மற்ற பெண்கள் வேலை போகுமென்று வாய் திறக்கவில்லை.

மீனாவும் நானும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். நடந்ததை நாங்கள் சொல்லி முடித்ததும் இன்ஸ்பெக்டர் நகலை என் முன்னால் போட்டார்.

"இது யாரு எழுத்து?"

"என் எழுத்துதான். ஆனா அது பொய் சார்."

"கோயில் புத்தகத்துலயே பொய் எழுதுற ஆளு நீரு. இங்க வந்து சொல்றதை நான் எப்படி நம்புறது?"

ஜெயபாண்டியையும் ஐயரையும் பன் தின்றவர்களையும் நினைத்து இதுவரை பட்ட அருவருப்பு மொத்தமும் என் மேலேயே திரும்பியது. மீனா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சுவரோரம் தரையில் முனியராஜ் உட்கார்ந்திருந்தார். எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதே அவருக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. என்னைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

"ஞாயித்துக்கெழமை அவ பேரை வாசிச்சீகளாமே. புள்ள சொல்லுச்சு. நீங்க நல்லா இருக்கணும் உபதேசியாரே."