மைக் அக்காவுக்கு ஒரு பல்செட்

பேருந்து நிலைய மேலாளரின் போன் வந்தபோது பல்செட்டுக்காரர் யாரோ ஒரு வக்கீலின் கடைவாய்ப் பல்லை மெழுகில் அழுத்திக்கொண்டிருந்தார். போன் மனைவியுடையது. இப்போதெல்லாம் அவள் அதை எடுப்பதில்லை. அடித்தால் கொண்டுவந்து இவர் மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொள்வாள்.

"சார், அக்கா திங்கக்கிழமை வந்துருவாங்கல்ல? மேலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. இதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது."

"வந்துருவா சார். செட்டு ரெடி. பாலீஷ் போடறது ஒண்ணுதான் பாக்கி."

பாலீஷ் போடுவதற்கு முதலில் பல் என்று ஒன்று இருக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டில் அவளுடைய ஈறுகளின் பிளாஸ்டர் அச்சு மட்டும்தான் இருந்தது, தூசி படிந்து, பொக்கை வாயாக. கூசாமல் சொன்ன பொய்யைக் கதவோரம் நின்றவள் முழுதாகக் கேட்டாள். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அழுதுகொண்டு அலுவலக வாசலில் நிற்கிறது, எல்லாம் அவள் குரலில்தான் அந்தக் கூரைக்குக் கீழே இறங்கும். அவள் அதட்டிச் சொன்னால் ஓட்டுநர்கள்கூட வண்டியை ஓரங்கட்டுவார்கள். பாழாய்ப்போன ஈறு நோய் வந்து, பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்து, கடைசியில் டாக்டர் மொத்தத்தையும் எடுத்துவிட்டார். பல் போனால் சொல் போச்சு என்பதைப் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. புண் ஆறியதும் பிடிவாதமாக ஒருநாள் போய் மைக்கைப் பிடித்தாள். ஊர்ப் பெயர்கள் எல்லாம் காற்றாகவே வெளியே வந்தன. கூட்டத்தில் எவனோ அதை அப்படியே திருப்பிச் சொல்ல, மேடை முழுக்கச் சிரித்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. "செட்டு கட்டினதும் வாங்கக்கா, எடம் எங்கயும் போகாது" என்று மேலாளர் சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷர்.

வீட்டிலேயே பல்செட்டுக்காரர் இருக்கும்போது உனக்கென்னடி கவலை என்று எல்லாரும் சொன்னார்கள். அங்கேதான் வந்தது வினை. டாக்டர்கள் கொடுத்தனுப்பும் வேலை என்றால் தேதி இருக்கும், போன் வரும், கத்துவார்கள். இவரும் முணுமுணுத்துக்கொண்டே முடித்துக் கொடுத்துவிடுவார். மனைவியின் வேலைக்குத் தேதி யார் போடுவது? அளவு எடுத்த அன்று நாளைக்கே ஆரம்பிக்கிறேன் என்றார். பிறகு கையிலிருக்கும் வேலை முடியட்டும் என்றார். மின்சாரம் சரியில்லை, மெழுகு சரியில்லை, நல்ல பல் வரவழைக்க வேண்டும், வந்த பல்லின் நிறம் சரியில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது தெரியாதவரா? அடுத்தவர் வீட்டு விஷயமாக இருந்தால் அதையே நாலு பேருக்குச் சொல்லியிருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று அவளிடம் சொல்லவும் வழியில்லை.

சோம்பேறி என்று அவரைச் சொன்னால் அது அநியாயம். இரண்டு மூன்று தடவை உட்காரத்தான் செய்தார். அவளுடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து உண்டு. கல்யாணமான புதிதில், சிரிக்கும்போது நாக்கு நுனி அதில் வந்து எட்டிப்பார்க்கும். அந்தச் சந்து எவ்வளவு அகலம்? இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு அது நினைவில் இல்லை. போட்டோக்களைத் தேடினார். எல்லாவற்றிலும் அவள் வாயை மூடிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி அடக்கமாக நின்றாள். குத்துமதிப்பாக மெழுகில் பல்லை வைத்துப் பார்த்தால் வேறு யாரோ ஒரு பெண்ணின் வாய் அவரைப் பார்த்துச் சிரித்தது. செட்டு செய்யாமல் இருக்கும்வரை அது அருமையான செட்டாக இருந்தது. செய்துவிட்டால் இவர் செய்த செட்டு, அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு அவள் கண்ணாடி பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்துக்கு அவர் பயந்தார். மெழுகை வழித்துப் போட்டுவிட்டு வேறு யாருடைய வேலையையாவது எடுத்துக்கொள்வார். அவள் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். அந்த வீட்டில் பேச்சு குறைந்து, சாப்பாடு குழைந்து, அவள் கன்னம் உள்ளே போய், புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி அவளை அவருடைய அக்கா என்று நினைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

போன் வந்த மறுநாள் காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். கத்தி கழுத்துக்கு வந்ததும் கை தானாக ஓடியது. இத்தனை நாள் மலையாகத் தெரிந்தது இவ்வளவுதானா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. அச்சைக் கழுவி எடுத்தபோது மட்டும் கை ஒரு கணம் நின்றது. பல் எடுத்த வாய் அப்படியே நிற்காது, ஈறு நாளுக்கு நாள் சுருங்கும், அளவு எடுத்தால் ஆறப்போடக் கூடாது என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் அவர்தான் சொல்வார். மறுபடி அளவு எடுக்க வேண்டும். அவளைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, "வாயைத் திற" என்று சொல்ல வேண்டும். பழைய அளவு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கமாட்டாள். கேட்காமல் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்வதைவிடப் பழைய அச்சிலேயே செய்துவிடுவது அவருக்கு எளிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவளுக்குப் போட்டுப் பார்த்தார். மேல்செட்டு நிற்கவில்லை. வாயைத் திறந்தால் தொப்பென்று கீழே இறங்கியது.

"பெருசா இருக்குங்க" என்றாள் அவள்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும். பசை தடவித் தரேன். பழகப் பழகச் சரியாயிடும்."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சந்து சரியாக இருக்கிறதா என்று அவருக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நல்ல புடவை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டாள். 

திங்கட்கிழமை கூடவே போனார். அலுவலகத்துக்குள் போகாமல் மேடையோரம் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். ஒலிபெருக்கி கரகரத்தது. அவள் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. முதல் அறிவிப்பு வந்தது. கொஞ்சம் கனமாக, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தாலும் அது மைக் அக்காவின் குரல்தான். டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஓர் ஓட்டுநர் ஹாரன் அடித்து வரவேற்றார். இரண்டாவதும் தேறியது. பல்செட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. மூன்றாவது அறிவிப்பில் ஊர்ப் பெயர் பாதியில் இருக்கும்போது டக்கென்று ஒரு சத்தம், மரப்பலகை மேல் ஏதோ விழுந்தது போல, நிலையம் முழுக்கக் கேட்டது. பிறகு மூச்சு மட்டும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஜனங்கள் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மேலாளர் வெளியே வந்து அவரைத் தனியாக அழைத்துப் போனார். "கொஞ்ச நாளைக்கு ரெக்கார்டு பண்ணின குரலே ஓடட்டும் சார். அக்காவுக்கு நல்லா செட்டாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." அப்புறம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கிண்ணத்தில் பவுடரைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். அளவு எடுக்கிற அந்த மாவு காத்திருக்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகிவிடும். ட்ரேயில் பரப்பி எடுத்துக்கொண்டு வந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கைக்குட்டையில் சுற்றிய செட்டை மடியில் வைத்துக்கொண்டு.

"வாயைத் திற."

அவள் திறக்கவில்லை.

"ஈறு சுருங்கியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" உதடு மட்டும் அசைந்தது. பாதி காற்றுதான். ஆனாலும் அவருக்கு எல்லாம் கேட்டது.

"தெரியும்."

"அப்பறம்?"

"உன்ன மறுபடி உக்கார வைக்க பயமா இருந்துச்சு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். ட்ரேயில் மாவு நிறம் மங்கி, விரல் வைத்தால் பதியாத அளவுக்கு இறுகியது. அவர் உள்ளே போய் அதைச் சுரண்டிப் போட்டார். கிண்ணத்தைக் கழுவினார். மறுபடி கலக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றார். அதுவும் இறுகியது. திரும்பப் போய்ச் சுரண்டினார், டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி அடியில் ஒட்டியிருந்த பவுடரைக் கிண்ணத்தில் உதிர்த்தார், குழாயைத் திறந்தார். தண்ணீர் சத்தத்துக்கு மேலாக, கூடத்தில் அவள் நாற்காலி ஒரு தடவை நகரும் சத்தம் கேட்டது. எழுந்து போகிறாளா, இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்கிறாளா என்று திரும்பிப் பார்க்காமல், அவர் கலக்கிக்கொண்டே இருந்தார்.