பதினொரு சீசா வெளிச்சம்

1966இலிருந்து திருவள்ளூர் சடகோபன் வீட்டு விளக்கு குளத்துச் சேற்றில் எரிந்தது. அவர் காக்களூர் தொழிற்பேட்டையில் டார்ச் பேட்டரி செய்யும் கொட்டகையில் ஸ்டோர் கீப்பர். சேற்றிலுள்ள கிருமிகள் இனிப்பைத் தின்று மின்சாரம் விடும் என்று நூலகத்துப் பத்திரிகையில் படித்தவர், வீரராகவர் கோயில் குளத்துச் சேற்றைப் பன்னிரண்டு ஊறுகாய்ச் சீசாக்களில் நிரப்பி, கொட்டகையில் கழித்துப்போட்ட கரிக்குச்சிகளைச் செருகி, மூடிக்கு ஒன்றாக டார்ச் பல்பு பொருத்தினார். நோய் கரையட்டும் என்று ஜனங்கள் அமாவாசைதோறும் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அரைமைல் தள்ளி அலமாரியில் இருந்த சேற்றுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இதில் ஊரில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

“இன்னா சாமி, சேத்துக்கு வெல்லம் குட்த்தா வெளக்கு எரியுதாமே,” என்றான் பாக்கிங் தேசப்பன். “எம் பொண்டாட்டிக்கு அல்வாவே வாங்கிக் குட்த்துப் பாத்துட்டேன், மூஞ்சில ஒரு வெளிச்சம் இல்ல.”

ஆட்சேபம் மனைவி கோதைநாயகிக்குத்தான். “சீசாவண்டை உக்காந்துண்டு பேசறேள். என்னண்டை பேசி ஒம்பது நாளாறது,” என்றாள். பத்தாம் நாளும் அவர் பேசாததால், ஊறுகாய்களைக் கட்டிக்கொண்டு பள்ளிப்பட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு எண்ணியபோது சேற்றுச் சீசாக்கள் பதினொன்றுதான் இருந்தன. அவசரத்தில் ஆவக்காய் என்று ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருந்தாள்.

அடுத்த அமாவாசை காலை பத்து பத்துக்கு, மங்கலாக எரிந்துகொண்டிருந்த பதினொரு பல்புகளும் பளீரென்று வெளுத்தன. மறுநாள் தேசப்பன், “அம்மா வந்திருந்தாங்களா சாமி? நேத்து பத்து மணி வாக்குல குளத்தாண்ட வெல்லம் கரைச்சிக்கினு இருந்தாங்க,” என்றான். மாதாமாதம் வந்தாள், வீட்டுக்கு வரவில்லை. அவரும் குளத்துக்குப் போகவில்லை. போனால் விளக்கைப் பார்க்க வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஒரு காரணம் வைத்திருந்தார். அமாவாசைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அலமாரி முன்னால் உட்காருவார். எட்டு வருஷம் அப்படியே போயிற்று.

1975 தை அமாவாசையன்று பத்து பத்தும் ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று, பல்புகள் வெளுக்கவில்லை. மாசியிலும் இல்லை. பங்குனி அமாவாசைக்குச் சடகோபன் அச்சு வெல்லம் ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் குளத்தில் இறங்கினார். உள்ளங்கையில் அது முழுதும் கரையும்வரை நின்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

மூன்றாம் நாள் கார்டு வந்தது. “க்ஷேமம். முழங்கால் வீங்கி பஸ் ஏற முடியலை. இத்தனை வருஷமா மினுமினுன்னு இருந்த சீசா, அமாவாசையன்னிக்குப் பதினொண்ணு இருபதுக்குப் பளிச்சுன்னு எரிஞ்சுது. நீங்கதானே.”

அதன் பிறகு அமாவாசைக்கு அமாவாசை அவர் வெல்லம் கரைத்தார். அவள் கார்டில் மணி எழுதினாள். இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் திருவள்ளூர் வீட்டில் பதினொரு பல்புகளும் எப்படி எரிந்தன என்று பார்க்க ஆளில்லை.