முதுகில் அச்சிட்ட சாட்டை

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்ததும் பெரம்பலூரில் ஒரு கூட்டத்துக்கு வீரம் வந்துவிடும். ஒரு மாதம் கறி தின்னாமல் அடங்கிக் கிடந்த வீரம் அது. காலையில் இரண்டு ஆட்டம் ஷட்டில் அடிப்பார்கள். மூன்றாவது ஆட்டத்தில் யாருக்காவது முட்டி பிடித்துக்கொள்ளும். உடனே காரில் ஏறிப் பாடாலூருக்குப் போய், இட்லியும் குடல் குழம்புமாக, விட்ட வியர்வையைப் போல இரண்டு பங்கு உள்ளே ஏற்றிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமையென்றால் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பிரியாணி வரும். ஏப்பம் அடங்கியதும் ஷட்டில் அரங்கத்து மாடியில் உட்கார்ந்து பழங்காலத்து வாளைப் பற்றியும் வேலைப் பற்றியும் பேச ஆரம்பிப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தேங்காய் உடைக்கக்கூட ஆள் வேண்டும்.

வெற்றிச்செல்விக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. மின்வாரிய ஆபீஸில் வேலை பார்ப்பவள். வயது நாற்பதைத் தொடப்போகிறது. ஆனாலும் அவள் அடிக்கிற ஸ்மாஷைத் திருப்பி எடுக்கச் சுற்றுவட்டாரத்தில் பெண்கள் யாரும் இல்லை. என்ன செய்வது, ஊரில் மரத்தரை போட்ட அரங்கம் அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதுவும் இந்தக் கூட்டத்துத் தலைவர் சிவசுப்பிரமணியனுடையது. அதனால் ‘வாளும் வேலும் விளையாட்டுக் கழகம்’ என்ற பெயரைச் சிரிக்காமல் சொல்லப் பழகியிருந்தாள். அந்தப் பெயரில்தான் அரியலூர்ப் போட்டிக்குப் போக முடியும். போன இரண்டு தடவையும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்று வந்தவள். இந்தத் தடவை கோப்பை வேண்டும் என்று வெறியாக இருந்தாள். ஜோடியாக ஆடும் அனிதாவையும் தூங்கவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தாள்.

சிவசுப்பிரமணியனுக்கு அரியலூர்ப் பக்கம் கொள்ளிடக்கரையில் பூர்வீக வீடு. அந்த வீட்டுப் பரணைக் கிளறிக் கிடைத்த இரும்பையெல்லாம் கொண்டுவந்து ஆயுதக் காட்சி வைப்பது அவருடைய ஐப்பசி வேலை. துருப்பிடித்த கத்தி ஒன்று கிடைத்தால் போதும், அவருடைய முப்பாட்டனார் அதை வைத்துக் குறைந்தது ஒரு படையையாவது விரட்டியிருப்பார். எந்தப் படை, எந்தக் காலம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அரங்கத்துச் சாவி கிடைக்காது.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியிலேயே வந்தது. வெற்றிச்செல்வி தன் அப்பா தர்மனையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். தர்மன் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, தோளில் மடித்துப் போட்ட துண்டு. பொரிகடலையும் சுண்டலும் என்றால் எங்கே கூப்பிட்டாலும் வருவார்.

மேசை மேல் வாள், ஈட்டி, கேடயம் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. பக்கத்தில் ஷட்டில் மட்டைகள். சிவசுப்பிரமணியனின் தம்பி மகன் பாலாஜி மட்டை நரம்பிலெல்லாம் சந்தனத்தை அப்பி வைத்திருந்தான். இதைச் சுரண்டி எடுக்கவே ஒரு பகல் போகுமே என்று வெற்றிச்செல்வி பல்லைக் கடித்தாள்.

மேசையின் நடுவில், பட்டுத்துணி மேல், கருத்துப்போன நீளமான சாட்டை ஒன்று இருந்தது. கைப்பிடியில் தோல் சுற்றியிருந்தது. மற்றதெல்லாம் சொரசொரவென்று, எலும்பா நாரா என்று தெரியாமல் இருந்தது. ‘யானைப் படையை அடக்கிய போர்ச்சாட்டை’ என்று அட்டையில் எழுதியிருந்தது.

“இந்த வருஷத்துக் கண்டுபிடிப்பு இதுதான். பரண்ல வாளோட சேத்துக் கட்டி வச்சிருந்தாங்க” என்றார் சிவசுப்பிரமணியன். பாலாஜி போனில் படம் எடுக்க, அவர் சாட்டையைத் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினார். காற்றில் கீறல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

வெற்றிச்செல்வி தற்செயலாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். தர்மனின் கை அவரைக் கேட்காமலே தோளுக்குப் போனது. துண்டை எடுத்தது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. உடம்பு லேசாகக் கூனியிருந்தது. மலைப்பாதையில் பஸ்ஸை வளைத்து ஓட்டிய மனிதர், போலீஸ்காரனிடமும் டிக்கெட் கேட்கச் சொல்லிக் கண்டக்டரிடம் சண்டை போட்டவர், இப்படி நின்று அவள் பார்த்ததே இல்லை. அவரும் அதை உணர்ந்துகொண்டார் போல. துண்டை உதறி மறுபடி தோளில் போடப் போனவர், போடாமல் கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டார்.

அடுத்து சட்டை கொடுத்தார்கள். அரியலூர்ப் போட்டிக்கான புதுச் சட்டை. நெஞ்சில் சின்னதாக ஒரு வாள். முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அந்தச் சாட்டை, வளைந்து நெளிந்து. பாலாஜியின் கைவண்ணம். “முதுகுல என்னாத்த போட்ருக்கான் பாத்தியா” என்று மட்டும் சொன்னார் தர்மன். சுண்டலை அவர் தொடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அது திருக்கவாலும்மா. திருக்கை மீனோட வாலு. யானையாவது பூனையாவது. எங்கப்பாரு அந்தக் கொள்ளிடக்கரைப் பக்கத்துப் பண்ணையிலதான் ஆளாக் கெடந்தாரு. காய்ச்சல்னு ஒரு நா நடவுக்குப் போவல. மரத்துல கட்டி வச்சு அடிச்சாங்க. அடிக்கிறப்பகூட இல்ல, இழுக்கிறப்பதான் தோலு கூடவே வரும். நான் சின்னப்பய, பாத்துக்கிட்டுதான் நின்னேன்.”

“அந்த வூட்டுலயாப்பா?”

“எந்த வூடா இருந்தா என்ன. எல்லா வூட்டுலயும்தான் ஒண்ணு தொங்குச்சு. மழை பெஞ்சா எங்கப்பாரு குப்புறத்தான் படுப்பாரு. சாவுற வரைக்கும் அப்படித்தான்.”

வெற்றிச்செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் காலையில் பாடாலூர் ஹோட்டலுக்கே போய்விட்டாள். கழகம் மொத்தமும் இலையின் முன்னால் இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சிவசுப்பிரமணியன் குடலை மென்று விழுங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவர் மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

“அருமையான தகவலும்மா. இந்த மாதிரி வாய்மொழித் தகவல்தான் கெடைக்கிறதில்ல. ‘வேளாண் பணிகளிலும் பயன்பட்டது’ன்னு அட்டையில ஒரு வரி சேத்துடுவோம். அப்பாவ ஒரு நா கூட்டியாங்க, வீடியோ எடுத்துக்கலாம்.”

“அட்டைய விடுங்க சார். சட்டையில இருக்கறத எடுங்க. எங்க தாத்தா முதுகுல கெடந்தத நான் மாட்டிக்கிட்டு ஆட முடியாது.”

“சட்டையெல்லாம் அச்சாயி வந்துருச்சேம்மா. சட்டை இல்லாம கழகத்து பேர்ல ஆட முடியாது. அதெல்லாம் பழைய காலம். நீங்க இன்னிக்கு ஆபீசரு. மனசுல வச்சுக்காதீங்க. உக்காருங்க, இட்லி சூடா இருக்கு.”

இட்லி சூடாக இருந்ததாம். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

அனிதாதான் அழுதுவிட்டாள். “ஒரு சட்டைக்காகவாக்கா? உள்ள பனியன் மாதிரி நெனச்சுக்கிட்டு போட்டுக்கங்க. கோப்பைய வாங்கிட்டு வந்து கொளுத்திடுவோம்.” வெற்றிச்செல்விக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. இரண்டு நாள் சட்டையை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒருமுறை போட்டுக்கூடப் பார்த்தாள். கண்ணாடியில் முதுகு தெரியத் திரும்பினாள். கழற்றி மடித்து அரங்கத்து வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

போட்டி அன்று அரியலூருக்கு அவள் போயிருக்கவே தேவையில்லை. தர்மன்தான் பிடிவாதமாகக் கிளப்பினார். பூஜையிலிருந்து துண்டைத் தொடாமலிருந்தவர் அன்று சலவை மடிப்போடு தோளில் போட்டுக்கொண்டார். “போயிட்டு வருவோம் வா. நம்ம ஏன் வூட்டுல ஒளிஞ்சு கெடக்கணும்?”

அவளுடைய இடத்தில் சிவசுப்பிரமணியன் தன் மருமகளை இறக்கியிருந்தார். பாவம், அந்தப் பெண் பந்தைப் பார்த்துப் பயந்தாள். முதல் சுற்றிலேயே முடிந்தது. ஜெயித்தவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கப் பார்க்க வெற்றிச்செல்விக்கு வயிறு பற்றி எரிந்தது. அவர்களை அவள் ஒற்றைக் கையால் அடித்திருப்பாள். அந்தக் கோப்பை தன்னுடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு மூத்தோர் இரட்டையர் ஆட்டம். சிவசுப்பிரமணியன் தன் கூட்டாளியோடு களத்தில் இறங்கினார். எதிரே யாரோ இரண்டு கல்லூரி வாத்தியார்கள். இரக்கமே இல்லாமல் மூலைக்கு மூலை தட்டினார்கள். சிவசுப்பிரமணியன் முன்னால் ஓடினார், பின்னால் ஓடினார், கடைசியில் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அகன்ற முதுகு முழுக்க, தோளிலிருந்து இடுப்பு வரை, சாட்டை கறுப்பாக விழுந்து கிடந்தது. பக்கத்தில் கூட்டாளியின் முதுகிலும் அதேதான்.

தர்மன் தலையைச் சாய்த்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எத்தன வருஷம் ஆச்சு பாரு” என்றார். “இப்பத்தான் சரியான முதுகுல விழுந்துருக்கு.”

கோப்பை போன எரிச்சல் வெற்றிச்செல்விக்கு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாக வந்தது. நடுவர் திரும்பிப் பார்த்து அமைதி காக்கச் சொன்னார். குனிந்தபடியே சிவசுப்பிரமணியனும் தலையைத் தூக்கிப் பார்வையாளர் மாடத்தைப் பார்த்தார். தர்மன் துண்டைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, அவரை நேராகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.